விலைக்கு வராத பொறுமை

பொறுமையைப் புகழாத மொழி இல்லை. நம் இல்லங்களில் பிள்ளைகளின் காதில் ஓயாமல் விழும் சொற்களுள் ஒன்று 'சபூர்' என்பது. பசியால் அழும் குழந்தையிடம் அதைச் சொல்கிறோம். கணவனைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு நாட்களை எண்ணியிருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்கிறோம். மவுத்தான வீட்டில் துயரத்தில் ஆழ்ந்திருப்போரிடமும் அதையே சொல்கிறோம். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டமையால், அச்சொல்லோடு சேர்ந்து எழவேண்டிய ஒரு கேள்வியை மறந்துவிடுகிறோம். பொறுமை எவருடையது? நான் மேற்கொள்ளும் பொறுமை என் பண்பு, அதில் ஐயமில்லை. பிறர் என்னிடம் பொறுமை காட்டியே தீரவேண்டும் என்று நான் வற்புறுத்தும்போது, அதையும் பண்பு என்று அழைக்க முடியுமா?

இக்கேள்வியை நினைவூட்டியது வானத்தில் நடந்த ஒரு சச்சரவு. 2022 டிசம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து டில்லிக்கு வந்துகொண்டிருந்த இந்திய நிறுவனமொன்றின் விமானத்தில், உணவு பற்றி ஒரு பயணிக்கும் பணிப்பெண்களுக்கும் வாக்குவாதம் மூண்டது. பயணியின் சொற்களைக் கேட்டு இளம் பணிப்பெண் ஒருவர் அழுதுவிட்டார். அவருக்காகப் பேசவந்த மூத்த பணிப்பெண்ணை நோக்கி, நீ பயணிகளின் வேலைக்காரிதானே என்னும் பொருள்பட அப்பயணி பேசினார். தாம் நிறுவனத்தின் ஊழியர் என்றும், அவருடைய வேலைக்காரி அல்லர் என்றும் அப்பெண் குரலுயர்த்திப் பதிலளித்தார். அருகிலிருந்த ஒருவர் அதைப் படமெடுத்து வெளியிட, நாடெங்கும் விவாதம் எழுந்தது. "பயணி எப்படிப் பேசினாலும் பொறுத்துப்போவதுதானே அவர் வேலை? அதற்குத்தானே சம்பளம்?" என்றனர் ஒரு சாரார். "அவரும் மனிதப் பிறவிதானே?" என்றனர் மறு சாரார்.

அவ்விருவருள் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. முதற்சாரார் எழுப்பிய கேள்வியே நமக்கு வேண்டியது. சம்பளம் கொடுத்தால் பொறுமையை விலைக்கு வாங்கிவிட முடியுமா?

அவர்கள் எதற்காக இருக்கிறார்கள்?

விடை காணுமுன், விமானப் பணியாளர் என்போர் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். தேநீர் கொடுக்கவும், தட்டு எடுக்கவும், புன்னகை புரியவுமே அவர்கள் வந்திருப்பதாகப் பலர் கருதுகின்றனர். அப்பணி தோன்றிய வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1930 மே மாதம் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் மருத்துவத் தாதியாகப் பயின்றவர். அவரோடு அமர்த்தப்பட்ட மற்றப் பெண்களும் தாதியரே. பயணிகளின் உயிரையும் உடலையும் காப்பதற்காக ஏற்பட்ட பணி அது; உணவு பரிமாறுவது பின்னர் அதனுடன் பெரிதாக வளர்ந்த கிளை.

இன்றும் அவர்களுடைய பயிற்சியின் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாதது. தீயை எப்படி அணைப்பது, புகை சூழ்ந்த இருட்டில் கதவை எப்படித் திறப்பது, மூச்சுத் திணறுவோருக்கு எவ்வாறு உதவுவது என்பனவற்றையே அவர்கள் முதன்மையாகக் கற்கிறார்கள். பெரிய விமானமொன்று புதிதாக அனுமதி பெற வேண்டுமாயின், வெளியேறும் வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, அதில் இருப்போர் அனைவரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்த 90 விநாடிகளை நடத்திக் காட்ட வேண்டியவர்கள், நாம் தண்ணீர் கேட்டு அழைக்கும் அதே பிள்ளைகள்தாம். நம் நாட்டில் 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்று விதி வகுத்ததும் இந்தக் கணக்கை எண்ணியே.

2024 ஜனவரி 2-ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பானியப் பயணி விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. காவல் விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டனர். பயணி விமானத்திலோ 379 பேர் இருந்தனர். அறிவிப்புக் கருவி செயலிழந்தது. எட்டு வழிகளில் மூன்றையே பயன்படுத்த முடிந்தது. பணியாளர்கள் கையில் ஒலிபெருக்கியைப் பிடித்தும் தொண்டை வறளக் கத்தியும் மக்களை வழிநடத்தினர். பைகளை விட்டுவிட்டு வாருங்கள் என்றபோது மக்கள் விட்டுவிட்டு வந்தனர். 379 பேரும் உயிருடன் வெளியேறினர். பின்னர் அந்த விமானம் முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று.

அந்த நேரத்தில் ஒரே ஒரு பயணி, "நீ யார் எனக்குக் கட்டளையிட?" என்று வழிமறித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தீ இல்லாத நாளில் பணியாளரின் சொல்லை அவமதித்துப் பழகியவன், தீ பற்றிய நாளில் மட்டும் அதற்குக் கீழ்ப்படிவான் என்று எவ்வாறு நம்புவது?

கராச்சி விமான நிலையத்தில் 1986 செப்டம்பர் 5-ஆம் நாள் ஆயுதந் தாங்கியோர் கைப்பற்றிய விமானத்தில், நீரஜா பனோட் என்னும் இந்தியப் பெண், தம் 23-ஆம் பிறந்தநாளுக்கு இரு நாட்கள் இருக்கும்போது, பயணிகளைக் காக்க முயன்று உயிர்நீத்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் அரசு அவருக்கு அசோகச் சக்கர விருதளித்தது. அவரும் அன்று காலையில் எல்லாரையும் போலப் புன்னகையுடன் வரவேற்றவர்தாம்.

கப்பல் தந்த பாடம்

நம் சமுதாயத்திற்கு இந்தப் பாடம் புதியதன்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கடலை நோக்கி வாசல் வைத்த ஊர்கள். மரக்கலத்தில் 'நகுதா'வின் சொல்லே சட்டம் என்று வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். நாம் தமிழில் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல்லும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பர் அறிஞர். முஅல்லிம் என்றால் ஆசிரியர். கடலில் வழிகாட்டுபவரை ஆசிரியர் என்று அழைத்த நாகரிகம் எத்துணை உயர்ந்தது! நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பலில் சென்ற நம் பெரியோர்கள், அந்தப் பயணத்தின் கஷ்டங்களை நமக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பலில் மாலுமியின் சொல்லுக்கு ஏன் அத்துணை மதிப்பு? அவர் செல்வர் என்பதனாலா? உயர்குலத்தார் என்பதனாலா? நடுக்கடலில் இறங்கிச் செல்ல எவராலும் முடியாது. ஒருவன் செய்யும் தவறு அத்தனை பேரையும் மூழ்கடிக்கும். ஆகவே எல்லாருடைய உயிரும் ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருந்தது. அமானிதத்தை ஏற்றவருக்கு அதைக் காக்கும் அதிகாரமும் வேண்டும். அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் சுமத்துவது அநீதி.

35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானமும் அத்தகையதே. அங்கே காவல் நிலையம் இல்லை, மருத்துவமனை இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை. அம்மூன்றுமாக நிற்பவர்கள் விமானப் பணியாளர்கள். அவர்களுள் ஒருவரை அடிப்பவன், தனி மனிதரை மட்டும் அடிக்கவில்லை; தன்னுடன் பறக்கும் குழந்தைகளின் காவலையே அடிக்கிறான்.

பெருகிவரும் தீமை

இத்தீமை எங்கோ ஓரிடத்தில் எப்போதோ நடப்பதன்று. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் தொகுத்த கணக்கின்படி, 2022-இல் 568 பயணங்களுக்கு ஒன்று என்ற அளவில் பயணிகளின் அத்துமீறல்கள் பதிவாயின. 2023-இல் அது 480-க்கு ஒன்றாயிற்று. அமெரிக்காவில் பெருந்தொற்றுக் காலமான 2021-இல் மட்டும் ஏறத்தாழ 6,000 புகார்கள் வந்தன. அவற்றுள் 4,000-க்கும் மேற்பட்டவை முகக்கவசம் பற்றியவை. அவ்வாண்டு மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு பயணி தாக்கியதில் பணிப்பெண் ஒருவரின் பற்கள் உடைந்தன. தாக்கிய பெண்ணுக்கு மறு ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் நாட்டின் கதையும் பெருமைக்குரியதாக இல்லை. 2017 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், தமக்கு உயர்வகுப்பு இருக்கை கிடைக்கவில்லை என்பதற்காக டில்லியில் விமான நிறுவன அதிகாரியைச் செருப்பால் அடித்தார். அடித்ததைத் தாமே நிருபர்களிடம் கூறினார். விமான நிறுவனங்கள் ஒன்றுகூடி அவரை ஏற்ற மறுத்தன. அவர் அமைச்சருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதியபின், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அத்தடை நீங்கியது. 2023 ஏப்ரலில் டில்லியிலிருந்து இலண்டன் புறப்பட்ட விமானத்தில் ஒரு பயணி பணியாளர் இருவரைத் தாக்கவே, விமானம் டில்லிக்கே திரும்பியது. 2024 ஜனவரியில் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமான கோவா விமானத்தில், மேலும் தாமதமாகும் என்று அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி ஓடிவந்து அடித்தார்.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முகக்கவச விதியைப் பணிப்பெண் இயற்றவில்லை, அரசு இயற்றியது. பனியை விமானி வரவழைக்கவில்லை. உயர்வகுப்பு இல்லாத விமானத்தை அனுப்பியது அந்த அதிகாரியின் விருப்பமும் அன்று. அரசின்மீதும் நிறுவனத்தின்மீதும் இயற்கையின்மீதும் எழுந்த கோபம், அவற்றையெல்லாம் எட்ட முடியாமையால், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மனிதரின்மீது விழுந்தது. மேலே ஓங்கமுடியாத கை கீழே இறங்குகிறது. அதற்கு வீரம் என்று பெயரிடலாகுமா?

சட்டத்தில் இருந்த ஓட்டை

அடித்தவனைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். 1963-இல் டோக்கியோவில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. விமானத்தில் அமைதியைக் குலைப்பவனைக் கட்டுப்படுத்தவும், வழியில் இறக்கிவிடவும், இறங்கும் நாட்டின் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் விமானத் தலைவருக்கு அது அதிகாரம் அளித்தது. இந்தியா 1975-இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

ஆனால், பறக்கும்போது நிகழ்ந்த குற்றத்தை விசாரிக்கும் உரிமையை, விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டிற்கே அவ்வுடன்படிக்கை முதன்மையாக வழங்கியது. ஒரு நாட்டில் பதிவான விமானத்தை மற்றொரு நாட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறது. அது மூன்றாவது நாட்டில் இறங்குகிறது. கையும் களவுமாகப் பிடித்த குற்றவாளியை அங்கே ஒப்படைத்தால், இதை விசாரிக்கும் உரிமை எங்களுக்கில்லை என்று அந்நாட்டுக் காவலர் கைவிரிப்பர். அடிபட்டவர் வீங்கிய முகத்துடன் நிற்க, அடித்தவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார்.

இந்த ஓட்டையை அடைக்க 2014-இல் மாண்ட்ரியல் நகரில் புதிய ஒப்பந்தம் உருவாயிற்று. விமானம் இறங்கும் நாட்டிற்கும், அதை இயக்கும் நிறுவனத்தின் நாட்டிற்கும் அது விசாரணை உரிமையை விரிவாக்கியது. போதிய நாடுகள் ஏற்றபின் 2020 ஜனவரி 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முதல் உடன்படிக்கைக்கும் இதற்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அக்காலமெல்லாம், சட்டத்தால் ஆற்ற முடியாத காயத்தைப் பணியாளரின் பொறுமையே ஆற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2017 செப்டம்பரில் வெளியான விதிகள் அத்துமீறல்களை மூவகையாகப் பிரித்தன. சொல்லாலும் சைகையாலும் வரம்பு மீறுவோருக்கு 3 மாதம் வரையிலும், தள்ளுதல், அடித்தல், தகாத முறையில் தொடுதல் ஆகியவற்றுக்கு 6 மாதம் வரையிலும், உயிருக்கே ஊறு விளைவிக்கும் செயல்களுக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை என்று அவை வகுத்தன. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில், பயணிகள் தரப்பினரும் இடம்பெறும் குழு 30 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்றும், அதன்மேல் முறையீடு செய்யலாம் என்றும் அவ்விதிகள் கூறின.

பயணியின் குறையும் குறைதான்

நடுநிலை தவறாதிருக்க வேண்டுமாயின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் பயணம் செய்தோர் இக்காட்சியை அறிவர். இரண்டாண்டு பாலைவன வெயிலில் உழைத்த ஒருவர், முந்தின இரவு முழுவதும் உறங்காமல் விமான நிலையத்தில் காத்திருந்து ஏறுகிறார். ஆங்கிலமும் இந்தியும் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் கேட்கும் கேள்விக்கு அலட்சியமான விடை கிடைக்கிறது. பக்கத்து இருக்கையில் கோட்டு அணிந்தவருக்குக் கிடைக்கும் 'ஐயா' என்ற விளி அவருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்துசேர வேண்டிய நேரமும் ஒருவேளை தவறிக்கொண்டிருக்கலாம். அவர் நெஞ்சில் எழும் கனலை அகந்தை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வருமா?

வராது. அவருடைய குறையைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். அவர் மொழியில் பேசுவோர் வேண்டும். தாமதத்தின் காரணத்தை உள்ளபடி சொல்லும் நேர்மை நிறுவனங்களுக்கு வேண்டும். இருக்கைகளை நெருக்கி, செய்தியை மறைத்து, பயணச்சீட்டில் வாக்களித்ததைக் கொடுக்காமல், இலாபத்தை மேலே எடுத்துக்கொண்டு, ஏச்சுக் கேட்பதற்கு மட்டும் ஓர் இளம்பெண்ணை முன்னே நிறுத்தும் நிறுவனமும் இந்தக் குற்றத்தில் பங்காளியே. அயல்நாட்டுப் பயணங்களில் மதுவை வழங்கிவிட்டு, அது தலைக்கேறியவனை அடக்கும் வேலையையும் அதே பெண்ணிடம் விடுவது எந்த நியாயத்தில் சேரும்?

எனினும், குறை எத்துணை உண்மையானதாயினும் அது கையை ஓங்கும் உரிமையைத் தராது. வழக்கு என்னிடம் இருக்கலாம். அதற்காகத் தீர்ப்பையும் தண்டனையையும் நானே நிறைவேற்றிக்கொள்ள முடியாது. மேலும், என்னிடம் கடன்பட்டவர் ஒருவராக இருக்க, அவர் வாசலில் நிற்கும் மற்றொருவரிடம் நான் வசூல் செய்வது எவ்வாறு நீதியாகும்?

நமக்குள்ள அச்சம்

இந்த இடத்தில் நம் சமுதாயத்தவர் பலர் மனத்தில் எழும் ஓர் அச்சத்தையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். பணியாளர்களுக்கு அதிகாரம் அளித்தால், அது நம்மேல் பாயாதா? 2006 நவம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆறு இமாம்கள் விமானத்திலிருந்து இறக்கப்பட்டனர். புறப்படுமுன் அவர்கள் விமான நிலையத்தில் தொழுததும், அவர்களுடைய பேச்சும் நடமாட்டமும் மற்றவர் கண்ணுக்கு ஐயத்தை ஊட்டினவாம். அவர்கள் வழக்குத் தொடுத்தனர்; 2009-இல் அது உடன்பாட்டில் முடிந்தது. தாடியும் தொப்பியும் முக்காடும் பிறருடைய அச்சத்துக்குக் காரணமாகும் காலத்தில், இத்தகைய அச்சத்தை நாம் ஆதாரமற்றதென்று தள்ளிவிட முடியாது.

அவ்வச்சத்திற்கு மருந்து, பணியாளரைக் காப்பற்றவராக விட்டுவிடுவதன்று. எதைத் தண்டிப்பது என்பதில் தெளிவாக இருப்பதே மருந்து. ஒருவன் என்ன செய்தான் என்பதைச் சட்டம் பார்க்க வேண்டும். அவன் எப்படித் தோன்றினான் என்பதையும், பார்த்தவருக்கு என்ன தோன்றிற்று என்பதையும் அன்று. டோக்கியோ உடன்படிக்கையும் விமானத் தலைவர் நியாயமான காரணங்களின்பேரிலேயே செயற்பட வேண்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் சொல்லை எடுத்துரைக்க இடமும், மேல்முறையீட்டுக்கு வழியும், காலவரையறையும் வேண்டும்.

ஆழ்ந்து நோக்கினால் இவ்விரண்டு கோரிக்கைகளும் ஒன்றே என்பது விளங்கும். பணிப்பெண்ணை 'வேலைக்காரி' என்று மட்டுமே பார்ப்பவனும், தொழுதவரை 'ஆபத்து' என்று மட்டுமே பார்ப்பவனும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் எதிரே நிற்கும் மனிதரைக் காணவில்லை. நம்மை மனிதராகக் காணுங்கள் என்று உலகத்திடம் கேட்கும் நாம், அதே மதிப்பை நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் கைக்கும் அளித்தாக வேண்டும்.

பொறுமை எவருடையது?

இனி முதற்கேள்விக்கு வருவோம். பொறுமை என்னும் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன.

பதிலடி கொடுக்கும் வலிமை இருந்தும் அதை அடக்கிக்கொள்வது ஒன்று. அதுவே பொறுமையின் மணிமுடி. விதியாக வந்த துன்பத்தை, நோயை, இழப்பைக் கலங்காமல் தாங்குவது இரண்டாவது. அதுவும் உயர்ந்ததே. மூன்றாவது ஒன்றுண்டு: பேசினால் வேலை போகும், வாடகை கட்ட முடியாது, தம்பியின் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சத்தால் வாய்மூடி நிற்பது. வெளித்தோற்றத்தில் இதுவும் பொறுமையாகவே தெரிகிறது. உண்மையில் அது வாயடைக்கப்பட்ட நிலை. அந்த மௌனத்தைப் பார்த்து, "எவ்வளவு பொறுமைசாலி!" என்று புகழ்பவர், தம்மை அறியாமலே அநீதிக்கு மாலை சூட்டுகிறார்.

நிறுவனம் சம்பளம் கொடுத்து வாங்குவது பணியாளரின் நேரத்தையும் திறமையையும். இன்சொல்லையும் கூடக் கடமையாக அது கேட்கலாம். கடுஞ்சொல்லுக்கு அமைதியாக விடையிறுக்கப் பயிற்சியும் தரலாம். ஆனால் அவருடைய மானத்தை அது வாங்கவில்லை. வாங்காத பொருளைப் பயணிக்கு விற்கவும் அதனால் இயலாது. பயணச்சீட்டின் விலையில் இருக்கை அடங்கும், உணவு அடங்கும். ஓர் உயிரை இழிவுபடுத்தும் உரிமை அதில் அடங்காது.

மன்னிப்பும் அவ்வாறே. அடிபட்டவருக்கே மன்னிக்கும் உரிமை உண்டு. பல நேரங்களில் நிறுவனம், தன் பெயர் கெடும் என்றோ வாடிக்கையாளர் விலகுவர் என்றோ அஞ்சி, புகாரைத் திரும்பப் பெறுமாறு பணியாளரை வற்புறுத்த நேர்கிறது. அப்போது அது, தனக்குச் சொந்தமில்லாத மன்னிப்பைத் தானமாக வழங்குகிறது. பிறர் பொருளை எடுத்துத் தர்மம் செய்வது தர்மமாகுமா? அடிபட்டவர் மனமார மன்னித்தால் அது அவருடைய பெருமை. மன்னிக்காமல் நீதி கேட்டால் அது அவருடைய உரிமை. எதைத் தேர்ந்தாலும் அவருடன் நிற்பது நிறுவனத்தின் கடமை. விடுப்புக் கொடுப்பதும், வழக்குச் செலவை ஏற்பதும், சாட்சியங்களைப் பாதுகாத்துத் தருவதும் அக்கடமையில் அடங்கும்.

அருகில் அமர்ந்திருக்கும் நமக்கும் ஒரு பங்குண்டு. இக்காலத்தில் எங்கே சச்சரவு எழுந்தாலும் பத்துக் கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. சாட்சி தேவைதான், படம் பல வழக்குகளில் உண்மையை நிலைநாட்டியிருக்கிறது. ஆயினும் படமெடுத்தவர் பின்னர்ப் பெயர் கொடுத்துச் சாட்சி சொல்ல முன்வருகிறாரா? "தம்பி, உட்காருங்கள், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்று ஒரு பெரியவர் எழுந்து சொல்லும் ஒரு வாக்கியம், எத்தனையோ அடிகளை ஓங்குமுன்பே நிறுத்திவிடக் கூடும். கூட்டத்தின் மௌனத்தைத் துணிவாக எடுத்துக்கொண்டே பலர் கையை ஓங்குகின்றனர்.

வீட்டில் தொடங்கும் பாடம்

சட்டம் விமானத்தின் கதவருகே தொடங்குகிறது. பண்பு அதற்கு வெகுமுன்பே, நம் வீட்டு முற்றத்தில் தொடங்குகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? உணவு விடுதியில் சோறு ஆறிப்போய் வந்தால், பரிமாறும் சிறுவனிடம் என்ன சொல்கிறோம்? பேருந்து நடத்துநர் சில்லறை இல்லை என்றால் நம் குரல் எங்கே உயர்கிறது? நாம் கவனிக்காவிட்டாலும், நம் மடியில் அமர்ந்திருக்கும் பிள்ளை கவனித்துக்கொண்டிருக்கிறது. பணம் கொடுப்பவர் குரலை உயர்த்தலாம், பணம் பெறுபவர் தலையைக் குனியவேண்டும் என்ற பாடத்தை அது அங்கேதான் கற்கிறது. பின்னொரு நாள் அப்பிள்ளை விமானத்தில் ஏறும்போது அந்தப் பாடத்தையும் சுமந்துகொண்டே ஏறும்.

இன்று நம் பெண்மக்களும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகிறார்கள். மாலையில் வீடு திரும்பிய மகள், வழக்கத்திற்கு மாறாகப் பேச்சின்றி முகம் கழுவச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "என்னம்மா?" என்று உம்மா கேட்க, "ஒன்றுமில்லை" என்கிறாள். அந்த 'ஒன்றுமில்லை'க்குள் அன்று அவளை ஏசிய ஒருவர் இருக்கிறார். அவர் அந்நேரம் தம் வீட்டில் மனைவி மக்களுடன் அமர்ந்து மகிழ்ச்சியாக உண்டுகொண்டிருப்பார். ஏசியதை அவர் மறந்தும் போயிருப்பார்.

அவர் நாமாக இருந்துவிடக் கூடாது. அடுத்த முறை விமானம் தாமதமாகும். உணவு நாம் கேட்டதாக இராது. பெட்டி வைக்க மேலே இடம் இருக்காது. நெஞ்சில் கோபம் எழும், எழட்டும். அதை எழுத்தில் வடித்து, பொறுப்பானவரின் மேசைக்கு அனுப்புவோம். நியாயம் கிடைக்கும்வரை விடாது கேட்போம். எதிரே நிற்பவரிடம் பொறுமையைக் கேட்டு வாங்குவதற்கு முன், நம்மிடம் இருக்கும் பொறுமையை முதலில் செலவிடுவோம். நமக்குச் சொந்தமான பொறுமை அது ஒன்றுதான்.